மகளின் சதுரங்கமும் உம்மாவின் கவலையும்



"பிள்ளை எந்த நேரமும் ஃபோனும் கையுமாக இருக்கிறது. கேட்டால் செஸ் விளையாடுகிறேன் என்கிறது. இதை விட்டுவிடுவதா, தடுப்பதா?"

பெற்றோர் கூட்டங்களில் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் பாடசாலையில் இஸ்லாம் பாடம் கற்பிப்பவன். சதுரங்கக் கழகமும் சில வருடங்களாக என் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆகவே இந்தக் கேள்வி என்னிடம் இரண்டு வழியாலும் வந்து சேர்கிறது. மௌலவி என்ன சொல்வார் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். சதுரங்க ஆசிரியர் என்ன சொல்வார் என்று இன்னொரு சாரார் கேட்கிறார்கள்.

முதலாவதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். சதுரங்கம் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பலர் அதைக் கடுமையாகத் தடுத்தார்கள். நமது ஷாபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ் என்ற அளவில் வைக்கப்பட்டுள்ளது. அதுவும் பந்தயப் பணம் இல்லாமல், தொழுகை தவறாமல், தீய பேச்சுக்கு இடமில்லாமல் இருந்தால்தான். இந்த எல்லைகள் எந்தப் பொழுதுபோக்குக்கும் பொருந்துபவை. உங்கள் வீட்டில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் இங்கே பேச வந்தது இரண்டாவது விடயம். பிள்ளை விளையாடத்தான் போகிறது என்றால், அந்த விளையாட்டு அதை வளர்க்கிறதா, தேய்க்கிறதா என்று ஒரு தாய் எப்படிக் கண்டுகொள்வது?

என் தங்கையின் மகள், எனக்கு மருமகள், தரம் 9 இல் படிக்கிறாள். 2020 ஆம் ஆண்டில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது தன் நாநாவிடம் காய்களின் நகர்வுகளைக் கற்றுக்கொண்டவள். சென்ற வருடம் முதல் இணையத்தில் விளையாடத் தொடங்கினாள். சில மாதங்களில் வீட்டில் பிரச்சினை ஆரம்பித்தது. இரவில் தூங்குவதில்லை, தோற்றால் முகத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பிட வருவதில்லை, தம்பியிடம் எரிந்து விழுகிறாள் என்று தங்கை முறையிட்டாள். "நாநா, நீங்க வந்து ஒருக்காச் சொல்லுங்க. இல்லாட்டி நான் இந்த ஃபோன எடுத்து அலுமாரியில பூட்டப் போறன்" என்றாள்.

போய்ப் பார்த்தேன். தங்கையின் கோபத்தை விடப் பிள்ளையின் பேச்சுத்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. "மாமா, எனக்கு மூளையில்ல. 1500 இல தொடங்கினன், இப்ப 1240. விளையாட விளையாடக் குறைஞ்சு போகுது" என்றாள். கண் கலங்கியிருந்தது. பதினான்கு வயதுப் பிள்ளை தன்னை ஓர் எண்ணால் அளந்து, தான் மக்கு என்று தீர்ப்பும் எழுதிவிட்டது! சகோதரிகளே, நாம் பார்க்க வேண்டிய ஆபத்து இதுதான். கையில் ஃபோன் இருப்பது அதற்கு அடுத்தபடிதான்.

அந்த எண்ணின் கதையை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்தவர் ஆர்பாத் ஈலோ. ஆட்டக்காரர்களின் பலத்தை எண்ணால் கணிக்கும் முறையொன்றை அவர் வகுத்தார். சர்வதேச சதுரங்க சம்மேளனம் 1970 ஆம் ஆண்டில் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு பேரின் எண்களும் சமமாக இருந்தால் பத்து ஆட்டங்களில் ஆளுக்கு 5 புள்ளிகள் எதிர்பார்க்கலாம். ஒருவர் 200 கூடுதலாக இருந்தால் அவருக்கு 7 அல்லது 8 புள்ளிகள் கிடைக்கும். அவ்வளவுதான் அந்த எண் சொல்வது. பிள்ளையின் அறிவையோ குணத்தையோ அது சொல்வதில்லை.

மருமகள் விளையாடுவது 'லிசெஸ்' என்னும் தளத்தில். அது பிரான்ஸில் உள்ள ஒரு தர்ம நிறுவனத்தால் இலவசமாக, விளம்பரமின்றி நடத்தப்படுகிறது. அங்கே புதிதாகச் சேரும் எவருக்கும், யாரென்று தெரியாத நிலையில், 1500 என்றே எண் கொடுக்கிறார்கள். அது வெறும் ஊகம். விளையாட விளையாடத்தான் உண்மையான இடம் தெரியவரும். ஆகவே அவள் 1500 இலிருந்து "விழவில்லை". அந்த இடத்தில் அவள் ஒருபோதும் இருந்ததில்லை. இதைச் சொன்னதும் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நான் மோசமாகலயா மாமா?" என்று கேட்டாள். இல்லை மகள் என்றேன். வேறொரு தளத்தில் விளையாடும் வகுப்புத் தோழியின் எண்ணோடு இதை ஒப்பிடவும் முடியாது. ஒவ்வொரு தளத்துக்கும் கணக்கு வேறு.

அதன் பிறகு வேலையைத் தொடங்கினோம். இணைய ஆட்டத்தில் ஒரு பெரிய வசதி, எல்லா ஆட்டங்களும் நகர்வு நகர்வாக, நேரத்தோடு பதிவாகியிருக்கும். அண்மையில் அவளுக்கு வெற்றி கிட்டாத 20 ஆட்டங்களை எடுத்தோம். ஒரு கொப்பியில் கோடு போட்டு, ஒவ்வொன்றும் எங்கே கைவிட்டுப் போனது என்று எழுதச் சொன்னேன். எழுதுவதற்கு முன் காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டேன். "எனக்குத் தொடக்க நகர்வுகள் தெரியாது மாமா. அதுதான்" என்றாள். அதற்காகவே தினமும் ஒரு மணித்தியாலம் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொப்பி வேறு கதை சொன்னது. 20 ஆட்டங்களில் தொடக்கத்தில் கெட்டவை 2 மட்டுமே. 9 ஆட்டங்களில், காவலில்லாமல் நின்ற ஒரு காயை எதிரி ஒரே நகர்வில் எடுத்திருந்தார். 5 ஆட்டங்களில் நேரம் முடிந்துபோனது. 4 ஆட்டங்களில் வெல்ல வேண்டிய இறுதிக் கட்டத்தைக் கைநழுவ விட்டிருந்தாள். தினமும் ஒரு மணித்தியாலம் அவள் மருந்து போட்டுக்கொண்டிருந்தது நோவில்லாத இடத்துக்கு!

பலவீனத்தை மட்டும் தேடவில்லை. பலம் எங்கே என்பதையும் மறுபக்கத்தில் எழுதச் சொன்னேன். அவளுக்கு வெட்கமாக இருந்தது, ஆகவே நான் சொல்ல அவள் எழுதினாள். குதிரையால் ஒரே நேரத்தில் இரண்டு காய்களைத் தாக்கும் வாய்ப்பை அவள் விரைவாகக் காண்கிறாள். பின்தங்கினாலும் ஆட்டத்தைக் கைவிடுவதில்லை, இரண்டு சிப்பாய்கள் குறைவாக இருந்தும் போராடிச் சமநிலை செய்த ஆட்டங்கள் உண்டு. மூன்றாவதாக, அவள் ஏமாற்றுவதில்லை. இது சிறிய விடயமல்ல. 1997 ஆம் ஆண்டிலேயே 'டீப் புளூ' என்னும் கணனி உலகச் சாம்பியன் கஸ்பரோவைத் தோற்கடித்துவிட்டது. இன்று கையடக்கத் தொலைபேசியில் இருக்கும் இலவசச் செயலியே எந்த மனிதனையும் வெல்லும். யாரும் பார்க்காத அறையில் தோற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, அந்த உதவியைத் தேடாமல் தோற்பது அமானிதம் பேணுவதாகும். அதை அவளிடம் சொன்னபோது தங்கையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "இது எனக்குத் தெரியாதே" என்றாள்.

இனி ஒவ்வொரு நோவையும் பார்ப்போம். காவலில்லாத காய்கள் ஏன் போயின? வேகம்தான் காரணம். அவள் விளையாடியது ஆளுக்கு 3 நிமிட ஆட்டம். ஓர் ஆட்டத்தில் 40 நகர்வுகள் என்று வைத்தால், ஒரு நகர்வுக்கு நாலரை வினாடி. அந்த நேரத்தில் யார்தான் யோசிப்பார்? கை பழகிய வழியில் போகும், அவ்வளவே. வேக ஆட்டம் தெரிந்ததைச் சோதிக்கும். புதிதாக எதையும் கற்றுத் தராது. ஆளுக்கு 15 நிமிடமும், ஒவ்வொரு நகர்வுக்கும் 10 வினாடி கூடுதலாகவும் கொடுக்கும் ஆட்டத்துக்கு மாறச் சொன்னேன். அதே 40 நகர்வுகளுக்கு, நகர்வொன்றுக்கு அரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். நேரம் முடிந்து தோற்ற 5 ஆட்டங்களுக்கும் இதுவே மருந்து.

அந்த அரை நிமிடத்தில் கேட்க மூன்று கேள்விகள். எதிரி ஏன் அப்படி நகர்த்தினார்? எனக்கு செக் கொடுக்க, காய் எடுக்க, பயமுறுத்த என்ன வழி இருக்கிறது? நான் நினைத்த நகர்வைச் செய்த பின் என் காய்கள் எல்லாம் காவலோடு இருக்கின்றனவா? இவற்றைச் சிறு கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தாள்.

அடுத்தது இறுதிக் கட்டம். ஓர் ஆட்டத்தில் இராஜாவும் ஒரு சிப்பாயும் அவளுக்கு, எதிரிக்குத் தனி இராஜா. அவள் அவசரப்பட்டுச் சிப்பாயை முன்னே தள்ளினாள். எதிரி இராஜா சிப்பாய்க்கு முன்னால் வந்து குந்திவிட்டது. கடைசியில் நகர இடமில்லாமல், செக்கும் இல்லாமல் நின்றது. இன்றைய விதிப்படி அது சமநிலை. நான் கற்றுக்கொடுத்தது ஒரே பாடம். இராஜா முன்னே போக வேண்டும், சிப்பாய் பின்னே வர வேண்டும். இரு இராஜாக்களும் நடுவே ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கும்போது, நகர வேண்டிய முறை எதிரிக்கு வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் விலகுவார், நமக்கு வழி கிடைக்கும். சாப்பாட்டு மேசையில் உண்மையான பலகையை வைத்து, மூன்று காய்களை மட்டும் கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை முழுக்க இதையே செய்தோம்.

அன்று அவளுக்கு ஒரு பழைய கதையும் சொன்னேன். சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் போய், அங்கிருந்து அரபிகளிடம் 'ஷத்ரஞ்ச்' என்ற பெயரில் வந்தது. அப்பாஸியர் காலத்தில் அல்அத்லீ, அஸ்ஸூலி போன்றவர்கள் அதைப் பற்றி நூல்களே எழுதினார்கள். ஆட்டக்காரர்களைப் பல படிகளாக வகுத்து, உச்சத்தில் இருந்தோரை 'ஆலியாத்' என்றார்கள். தரம் பிரிப்பது நேற்று வந்ததல்ல. காய்களைக் குறித்த நிலையில் வைத்து 'இதை வெல்' என்று கொடுக்கும் பயிற்சிகளை 'மன்ஸூபாத்' என்று அழைத்தார்கள். இன்று தளத்தில் 'புதிர்' என்று அழுத்தினால் வருவது அதுவேதான். இன்று பலகையெங்கும் பாயும் இராணி, அந்நாளில் 'ஃபிர்ஸான்' என்ற மந்திரி. குறுக்காக ஒரேயொரு கட்டம்தான் நகர்வான்! எதிரி இராஜாவை நகர இடமின்றி அடைப்பதும் அன்று வெற்றியாகவே கொள்ளப்பட்டது. "அப்ப அந்தக் காலத்தில விளையாடியிருந்தா நான் வென்றிருப்பேன் மாமா" என்று சிரித்தாள். பல நாட்களுக்குப் பிறகு அந்த வீட்டில் செஸ் பேச்சில் கேட்ட சிரிப்பு அது.

கொப்பி காட்டிய இன்னொன்றும் உண்டு. அதை நான் தங்கைக்குத் தனியாகக் காட்டினேன். ஒவ்வோர் ஆட்டமும் நடந்த நேரத்தைப் பாருங்கள் என்றேன். தோல்விகள் பெரும்பாலும் இரவு 10 மணிக்குப் பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இருந்தன. தோற்ற ஆத்திரத்தில் அடுத்ததைத் தொடங்குவது, அதையும் தோற்பது, பிறகு இன்னொன்று. இதில் சதுரங்கம் எதுவுமில்லை, காயத்தைச் சொறிவது போன்றதுதான். ஆகவே இரண்டு சட்டங்கள் வைத்தோம். தொடர்ந்து இரண்டு தோல்வி வந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. இஷாவுக்குப் பிறகு ஆட்டமே இல்லை, ஃபோன் உம்மாவின் அலுமாரியில். தங்கை பூட்டத்தான் செய்தாள். ஆனால் பிள்ளையின் சம்மதத்தோடு பூட்டினாள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவர்களோடு விளையாடும் இடம் அது. லிசெஸ் தளத்தில் சிறுவர்களுக்கான அமைப்பு ஒன்று உண்டு. அதைப் போட்டால் மற்றவர்கள் செய்தி அனுப்புவதும் அரட்டையும் நின்றுவிடும். பிள்ளையின் உண்மைப் பெயர், படம், பாடசாலை எதையும் போடத் தேவையில்லை. முதல் நாளே தாய் கூட இருந்து இதைச் செய்து கொடுக்கலாம். பணம் கட்டி விளையாடும் எதுவானாலும் கதவை மூடிவிடுங்கள்.

வாரத் திட்டம் இப்படி அமைந்தது. பாடசாலை நாட்களில் 20 நிமிடம் புதிர்கள். எத்தனை செய்தாள் என்று எண்ணுவதில்லை, முழு விடையையும் மனதில் கண்ட பின்பே காயைத் தொட வேண்டும். வாரத்தில் இரண்டு நீண்ட ஆட்டங்கள். ஆட்டம் முடிந்ததும் கணனியிடம் கேட்பதற்கு முன், எங்கே பிசகியது என்று தானே கொப்பியில் மூன்று வரி எழுத வேண்டும். அதன் பிறகு கணனியோடு ஒப்பிடலாம். கணனி முதலில் விடை சொன்னால் பிள்ளை தலையாட்டிவிட்டு மறந்துவிடும். தொடக்க நகர்வு வீடியோக்கள் நிறுத்தப்பட்டன. வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு என எளிய தொடக்கங்களே இந்தத் தரத்துக்குப் போதும்.

எல்லாவற்றிலும் பெரிய மருந்து நான் கொடுத்ததல்ல. தங்கைக்குக் காய்களின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் சனிக்கிழமைகளில் அவள் குசினியில் நெத்தலி கிள்ளிக்கொண்டிருக்கும்போது, மகள் பலகையை எடுத்து வந்து அந்த வாரம் தோற்ற ஓர் ஆட்டத்தைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். ஒன்றும் தெரியாதவருக்கு விளங்கப்படுத்தும்போதுதான் நமக்கு எது விளங்கவில்லை என்பது வெளிச்சமாகும். வகுப்பறையில் நான் தினமும் காண்பது இது. ஒருநாள் நானும் இருந்தேன். "இங்க குதிரை தனியா நின்டது உம்மா, நான் முன்னுக்குப் போற அவசரத்தில பாக்கல்ல" என்றாள் மகள். தங்கை தலை நிமிராமல், "நானும் கறிய அடுப்பில வெச்சிட்டு வாசலுக்குப் போனா அப்படித்தான்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். தோல்வியைச் சிரித்துக்கொண்டு சொல்லக் கூடிய ஓர் இடம் அந்தப் பிள்ளைக்கு வீட்டுக்குள் கிடைத்துவிட்டது.

பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஹங்கேரியின் ஜூடித் போல்கார் 1991 ஆம் ஆண்டில், 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிற்காலத்தில் ஆண்களும் அடங்கிய உலகத் தரவரிசையிலேயே முதல் பத்துக்குள் வந்தார். ஆந்திராவைச் சேர்ந்த கொனேரு ஹம்பி 2017 ஆம் ஆண்டில் தாயானார். அதன் பிறகே 2019 ஆம் ஆண்டிலும் 2024 ஆம் ஆண்டிலும் பெண்களுக்கான உலக விரைவுச் சதுரங்கப் பட்டத்தை வென்றார். நம் பிள்ளைகள் எல்லோரும் அப்படி ஆகப் போவதில்லை, ஆகவும் வேண்டியதில்லை. பொறுமையாக யோசிப்பது, தன் தவறைத் தானே தேடிக் கண்டுபிடிப்பது ஆகியவை ஆணுக்கு மட்டும் வேண்டிய குணங்கள் அல்லவே!

நான்கு மாதங்கள் சென்றன. அவளுடைய எண் 1310 ஆகியிருக்கிறது. பெரிய ஏற்றமல்ல. ஆனால் மீண்டும் 20 ஆட்டங்களை எடுத்துக் கோடு போட்டோம். காவலில்லாமல் காயை இழந்த ஆட்டங்கள் 9 இலிருந்து 4 ஆகியிருந்தன. நேரம் முடிந்து தோற்றது ஒன்றுமில்லை. இறுதிக் கட்டம் இன்னும் பலவீனம்தான், கோட்டைகள் மட்டும் மீந்திருக்கும் நிலைகளில் தடுமாறுகிறாள். அடுத்த வேலை அது. க.பொ.த. சாதாரண தரம் நெருங்கும்போது ஆட்டங்களைக் குறைப்பதாக அவளே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அதைக் காப்பாற்றுவாளா என்பதை இன்ஷா அல்லாஹ் பார்ப்போம்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் பிள்ளை சதுரங்கம் விளையாடுகிறது என்றால், எத்தனை புள்ளி என்று கேட்காதீர்கள். நேற்று ஏன் தோற்றாய் என்று கோபமில்லாமல் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறது. "தெரியாது" என்று முகத்தைத் திருப்பும் பிள்ளைக்கு ஒரு கொப்பியும், பென்சிலும், உங்கள் நேரத்தில் அரை மணித்தியாலமும் தேவைப்படுகிறது. கொப்பியும் பென்சிலும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.